மலையில் ஓசோன்: துடிப்பு மின்னிறக்கக் கருவி அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஓசோன் வேண்டுமென்றால் வோல்டேஜை ஏற்றினால் போதும் என்ற எண்ணத்தோடு இந்த வேலைக்கு வருகிறவர்கள் அதிகம். ஏற்றிப் பார்த்தால் கிடைப்பது காதைத் துளைக்கும் பொறி, சூடான காற்று, மூக்கை எரிக்கும் நைட்ரஜன் ஆக்சைடு. ஓசோன் கொஞ்சம்தான் உண்டாகும். அதையும் அந்தச் சூடே தின்றுவிடும். வோல்டேஜைவிட அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும், உள்ளே போகும் காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறது என்பதும்தான் இங்கே முக்கியம். முதலாவது எந்த ஊரிலும் ஒன்றுதான். இரண்டாவதில்தான் நீலகிரியும் கொடைக்கானலும் நம்மைச் சோதிக்கின்றன.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். குடிநீரைச் சுத்தம் செய்ய மட்டும் ஓசோன் தேவைப்படுகிறவர்கள் கடையில் கிடைக்கும் கருவியை வாங்கிக்கொள்வதே நல்லது. அவை ஏறக்குறைய எல்லாமே 1857-இல் வெர்னர் சீமென்ஸ் அமைத்த முறையின் வாரிசுகள்: இரண்டு மின்முனைகளுக்கு நடுவே கண்ணாடியோ பீங்கானோ ஒரு தடுப்பு, அதன் மீது மாறுமின்னோட்டம். பிரான்ஸின் நீஸ் நகரம் 1906-லேயே ஓசோனால் குடிநீரைச் சுத்திகரிக்கத் தொடங்கிவிட்டது. முதிர்ந்த தொழில்நுட்பம் அது. இந்த வழிகாட்டி கல்லூரி ஆய்வகத்தில் செய்முறைத் திட்டம் எடுத்திருக்கும் மாணவர்களுக்கும், உயர் மின்னழுத்தத்தில் ஏற்கெனவே கைபழகியவர்களுக்கும். 30 கிலோவோல்ட் மின்வழங்கியை இதுவரை தொட்டதே இல்லை என்றால், தொட்டுப் பழகியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடங்காதீர்கள்.

குழாய்க்குள் என்ன நடக்கிறது

காற்று ஓடும் உலோகக் குழாய், அதன் நடுவில் ஒரு கம்பி, இரண்டுக்கும் இடையே சட்டென்று எழுந்து அணையும் வோல்டேஜ்: நம் கருவி இதுதான். ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்றை இரண்டு அணுக்களாகப் பிளக்க 5.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். அந்த அடியைக் கொடுப்பது வேகமான எலக்ட்ரான். பிரிந்த அணு இன்னொரு ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்தால் ஓசோன். ஆனால் சேரும்போது வெளிப்படும் ஆற்றலை வாங்கிக்கொள்ள மூன்றாவதாக ஒரு மூலக்கூறும் அந்த நொடியில் அங்கே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேர்ந்தது உடனே பிரிந்துவிடும்.

எலக்ட்ரான் இலேசானது, அயனி கனமானது. மின்புலத்தைத் திடீரென்று எழுப்பி உடனே அணைத்தால் எலக்ட்ரான்கள் மட்டுமே ஓடி வேலை செய்யும். அயனிகள் அசைவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கொடுத்த மின்சாரம் அயனிகளை இழுத்துக் காற்றைச் சூடாக்குவதில் வீணாகாது. துடிப்பு முறையின் முழு ஆதாயமும் இதுதான். நூறு நானோ நொடிக்குள் மின்னிறக்கம் ஓய்ந்துவிட வேண்டும். ஓசோன் உண்டாவது அதற்குப் பிறகுதான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பிரிந்த அணுக்கள் ஓசோனாக மாறச் சமவெளியில் 10 முதல் 15 மைக்ரோ நொடி ஆகும். ஊட்டியில் 20-ஐ ஒட்டி. கண்ணுக்குத் தெரியும் ஊதா ஒளி அப்போது எப்போதோ அணைந்திருக்கும்.

துடிப்பை மிகக் கடுமையாகக் கொடுப்பதிலும் பயனில்லை. ஆக்சிஜன் அணுக்கள் ஒரே இடத்தில் நெருக்கியடித்து நின்றால், அவை புதிதாகப் பிறந்த ஓசோனையே தாக்கி மறுபடி ஆக்சிஜனாக்கிவிடும். ஓசோன் உருவாகும் வெப்ப ஆற்றலை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 1.2 கிலோ ஓசோன் வர வேண்டும். நடைமுறையில் காற்றைக் கொண்டு 30 முதல் 60 கிராம் எடுத்தாலே கருவி ஒழுங்காக இருக்கிறது என்று கொள்ளலாம்.

மலை மாற்றும் கணக்கு

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 77 கிலோபாஸ்கல். கடல் மட்டத்தில் 101. கொடைக்கானலில் 78, குன்னூரில் 81 என்று வைத்துக்கொள்ளலாம். குளிர் காற்றைச் சற்று இறுக்குவதால், 15 டிகிரியில் ஊட்டிக் காற்றின் அடர்த்தி 20 டிகிரிச் சமவெளிக் காற்றோடு ஒப்பிட 0.775 மடங்கு. பாடப்புத்தகத்தில் படித்த 'ஒரு மில்லிமீட்டருக்கு 3 கிலோவோல்ட்' இங்கே 2.3-ஆக இறங்கிவிடுகிறது. கோயம்புத்தூர் ஆய்வகத்தில் பொறி தாவாமல் நின்ற 8 செ.மீ. இடைவெளியை அப்படியே மேலே கொண்டுவந்தால் தாவும்; 10 அல்லது 11 செ.மீ. விட வேண்டும்.

பருவமும் இதில் தலையிடுகிறது. ஜனவரி விடியலில் ஊட்டியின் வெப்பநிலை பூச்சியத்தைத் தொடும். மே மாத நண்பகலில் 25 டிகிரி. இந்த இரண்டுக்கும் இடையே காற்றின் அடர்த்தி 8, 9 விழுக்காடு மாறும். ஜனவரியில் பூட்டி வைத்த ஸ்பார்க் கேப் (துடிப்பைக் கிளப்பப் பொறி தாவும் இடைவெளி) மே மாதத்தில் அதே அளவு குறைந்த வோல்டேஜில் தாவும். குறிப்பேட்டில் தேதியோடு அறையின் வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் எழுதி வையுங்கள். கைப்பேசிகள் சிலவற்றில் உள்ள அழுத்தமானியே இதற்குப் போதும்.

அடர்த்தி குறைந்ததால் மூன்றாவது மூலக்கூறு கிடைப்பது தாமதமாகிறது என்பது நட்டம். குளிர் அந்தச் சேர்க்கையைச் சற்று விரைவுபடுத்துவதும், உண்டான ஓசோனைச் சிதையாமல் காப்பதும் இலாபம். சமவெளியில் குழாயைச் சுற்றித் தண்ணீர் ஓடவிட்டுக் குளிர்விக்கிறார்கள். இந்த அளவு சிறிய கருவிக்கு மலையில் அது தேவையே இல்லை.

படி 1: காற்றை உலர்த்துங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டியது இந்தப் படியில்தான். மின்னிறக்கத்தில் நீராவி சிக்கினால் ஓசோனைத் தின்னும் துணுக்குகளாக உடைகிறது. நைட்ரஜன் ஆக்சைடோடு சேர்ந்தால் நைட்ரிக் அமிலம். அது குழாயின் உட்சுவரில் படிந்து, மின்காப்பின் மேல் மின்சாரம் கசிய வழிபோட்டுக் கொடுக்கும். மூடுபனி ஜன்னல் வழியாக அறைக்குள் வரும் ஊரில் இதை அலட்சியம் செய்ய முடியாது.

15 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று ஒரு கன மீட்டருக்கு 12.8 கிராம் நீரைச் சுமக்கும். நாம் நிமிடத்துக்கு 2 லிட்டர் காற்றைச் செலுத்தப் போகிறோம், மணிக்கு 0.12 கன மீட்டர், அதாவது சுமார் ஒன்றரை கிராம் நீர். சிலிக்கா ஜெல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீரையாவது பிடிக்கும் என்று கொண்டால், அரைக் கிலோ ஜெல் ஆடி மாதச் சாரலிலும் 60 மணி நேரத்துக்கு மேல் தாங்கும்.

சிலிக்கா ஜெல் மட்டும் போதாது. அது பெரும்பகுதி நீரை எடுத்துக்கொள்ளட்டும். அதன் பின்னால் மாலிக்யூலர் சீவ் (மிஞ்சிய ஈரத்தையும் பிடிக்கும் நுண்துளை மணிகள்) நிரப்பிய இன்னொரு குழாயை வையுங்கள். இரண்டையும் கடந்த காற்றின் பனிநிலை (அதிலுள்ள ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) சுழியத்துக்குக் கீழ் 60 டிகிரிக்கு இறங்க வேண்டும். வரிசையை மாற்றி வைத்தால் விலை கூடிய சீவ் ஒரே நாளில் நிரம்பிப்போகும். ஜெல்லில் ஆரஞ்சு நிற வகையை வாங்குங்கள். நீல வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அதைக் கையாள்வது நல்லதல்ல. நிறம் மாறியதும் 110, 120 டிகிரி அடுப்பில் சில மணி நேரம் வைத்தால் ஜெல் மீண்டும் உலர்ந்துவிடும். சீவுக்கு 250 டிகிரிக்கு மேல் வேண்டும். சமையலுக்குப் பயன்படும் அடுப்பை இதற்கு எடுக்காதீர்கள்.

காற்றைத் தள்ள மீன் தொட்டி பம்ப் போதும். பம்ப் எப்போதும் உலர்த்திக்கு முன்னால்தான் இருக்க வேண்டும். ஓசோன் உண்டாகும் குழாய்க்குப் பின்னால் வைத்தால் ஓசோன் அதன் ரப்பர் சவ்வில் வெடிப்பு விழச் செய்துவிடும். ஆக்சிஜன் செறிவூட்டி கிடைத்தால் ஓசோன் பல மடங்காகும், நைட்ரஜன் ஆக்சைடுத் தொல்லையும் ஏறக்குறைய மறையும். ஆனால் செறிந்த ஆக்சிஜனும் பொறியும் கூடும் இடத்தில் ஒரு துளி எண்ணெய்ப் பிசுக்கு போதும், தீ பிடிக்க. முதலில் காற்றிலேயே கைபழகுங்கள்.

படி 2: குழாய்

50 மி.மீ. உள்விட்டமும் அரை மீட்டர் நீளமும் உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் ஒன்று. அதன் நடுவில் இழுத்துக் கட்டிய 1 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி. இவ்வளவுதான் கருவியின் வயிறு. கம்பி நேர் மின்முனை, குழாய் எர்த். இரு முனைகளையும் டெஃப்லான் மூடிகளால் அடையுங்கள். ஒரு மூடியில் கண்ணாடிச் சாளரம் வைத்தால் பின்னால் பேருதவியாக இருக்கும். கம்பி நடுவிலிருந்து 1 மி.மீ. விலகினாலும் பொறி எப்போதும் அந்தப் பக்கமே தாவும். ஒரு முனையில் ஸ்பிரிங் போட்டு இழுத்தால் கம்பி தொய்யாது.

இந்த அளவுகளுக்குப் பீக் (Peek) சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால், கம்பியைச் சுற்றி மின்னிறக்கம் தொடங்கும் வோல்டேஜ் சமவெளியில் 13.8 கிலோவோல்ட், ஊட்டியில் 11.5. நாம் தரப்போவது 25. வேகமான துடிப்பில் காற்று சுதாரிப்பதற்குள் வோல்டேஜ் தொடக்க அளவைத் தாண்டிப் போய்விடும். வீரியமான எலக்ட்ரான்கள் பிறப்பது அந்த மிகையில்தான்.

நிலையான நேர்மின்னோட்டக் கொரோனாவில் (கம்பியைச் சுற்றி மட்டும் ஒளிரும் மின்னிறக்கத்தில்) எதிர் மின்முனைக் கம்பிதான் அதிக ஓசோன் தரும் என்று படித்திருப்பீர்கள். அது சரியே. துடிப்பில் கதை வேறு: நேர் மின்முனைக் கம்பியிலிருந்து கிளம்பும் ஒளியிழைகள் குழாய்ச் சுவர்வரை நீண்டு குழாயை நிரப்பும். அதனால் நேர் மின்முனையையே கம்பிக்குக் கொடுங்கள்.

இணைப்புகளுக்கு டெஃப்லான் குழாயும் கண்ணாடியும் போதும். சாதாரண ரப்பர், நைலான் இரண்டும் வேண்டாம். வளைத்து மாட்டிய ரப்பர் குழாயின் வெளி வளைவில் முதலில் மெல்லிய கீறல்கள் தோன்றும், பிறகு குழாய் அந்த இடத்திலேயே பிளக்கும். கசிவு அங்கிருந்துதான் தொடங்கும்.

படி 3: துடிப்பைத் தரும் சுற்று

ஐஜிபிடி என்ற மின்னணு சுவிட்ச், துடிப்பு டிரான்ஸ்ஃபார்மர், காந்த அமுக்கம் என்று போனால் நல்ல சுற்றுகள் உண்டு. அவற்றுக்குச் செலவும் திறமையும் அதிகம். தொடங்குகிறவர்களுக்கு ஸ்பார்க் கேப்தான் ஏற்றது. கார் இக்னிஷன் காயிலைக் கொண்டுவர வேண்டாம். அதன் துடிப்பு எழவே பல மைக்ரோ நொடி ஆகும்; நமக்கு வேண்டியது அதைவிடப் பல நூறு மடங்கு வேகம்.

30 கிலோவோல்ட், 2 மில்லி ஆம்பியர் தரும் மின்வழங்கியிலிருந்து சுமார் 19 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாக 300 பிகோ ஃபாரட் கெபாசிட்டருக்கு மின்னூட்டம் போகிறது. கெபாசிட்டரின் மறுமுனை எர்த். மின்னூட்டம் ஏறிய முனைக்கும் குழாயின் கம்பிக்கும் நடுவில் ஸ்பார்க் கேப். கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே 500 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. கேப் 25 கிலோவோல்ட்டில் தாவுமாறு வைத்தால், இந்த அளவுகளில் நொடிக்கு ஏறத்தாழ 100 துடிப்புகள் கிடைக்கும்.

அந்த 500 ஓம் எதற்கு என்று கேட்பார்கள். துடிப்பின் வாலை வெட்ட. 300 பிகோ ஃபாரட்டும் 500 ஓமும் சேர்ந்து 150 நானோ நொடிக் கால அளவைத் தருகின்றன. குழாயில் ஓடும் மின்னோட்டமும் சேர்ந்து அதை மேலும் குறைக்கும். ஒளியிழை நொடிக்குப் பத்து இலட்சம் மீட்டர் என்ற கணக்கில் ஓடுகிறது. கம்பியிலிருந்து சுவருக்கு 24.5 மி.மீ., ஆகவே சில பத்து நானோ நொடிகளில் எட்டிவிடும். எட்டிய பிறகும் வோல்டேஜ் நின்றுகொண்டிருந்தால் அந்த இழை சூடேறித் தடித்துப் பொறியாகும். அதிக ஓசோன் கிடைக்கும் என்று கெபாசிட்டரை 1,000 பிகோ ஃபாரட்டுக்கு மாற்றுகிறவர்கள் விழுவது இந்தக் குழியில்தான். 500 ஓம் ரெசிஸ்டர் கம்பி சுற்றியதாக இருக்கக் கூடாது. கார்பன் வகைதான் வேண்டும்.

25 கிலோவோல்ட்டுக்குச் சமவெளியில் கேப் சுமார் 8 மி.மீ.; ஊட்டியில் 10 முதல் 11. உருண்டை முனைகளைப் பயன்படுத்துங்கள், கூர்முனை வேண்டாம். 5 மி.மீ.-இல் தொடங்கி மெல்ல விலக்குங்கள். கேப்பை மூடிய சிறு பெட்டியில் வைத்து, அதற்கும் உலர்ந்த காற்றைக் கொடுங்கள். மூடுபனி நாளில் திறந்த கேப் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒவ்வொரு வோல்டேஜில் தாவும்.

ஒவ்வொரு துடிப்பிலும் கெபாசிட்டரில் சேர்வது 0.094 ஜூல், நொடிக்கு 100 என்றால் 9.4 வாட். மின்னூட்டும் 19 மெகா ஓம் ரெசிஸ்டரில் ஏறத்தாழ 13 வாட் வெப்பமாகப் போய்விடும். அதைப் பல ரெசிஸ்டர்களைத் தொடராகக் கோத்து அமையுங்கள். ஒவ்வொன்றும் தாங்கும் வோல்டேஜைப் பாருங்கள், வாட்டை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

படி 4: பெட்டி, எர்த், ரேடியோ இரைச்சல்

இந்தச் சுற்று ஒரு ரேடியோ ஒலிபரப்பி. ஸ்பார்க் கேப்பின் வேகமான எழுச்சியில் பல நூறு மெகா ஹெர்ட்ஸ்வரை இரைச்சல் கிளம்பும். ஊட்டிக்கு அருகே முத்தோரையில் 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது, 327 மெகா ஹெர்ட்ஸை ஒட்டித்தான் வானத்தைக் கேட்கிறது. தகரப் பெட்டி இல்லாத ஸ்பார்க் கேப்பை மலைச்சரிவில் ஓட்டுவது அக்கம்பக்கத்துத் தொலைக்காட்சிக்கு மட்டும் தொந்தரவு அல்ல. கேப், கெபாசிட்டர், குழாய் மூன்றையும் ஒரே உலோகப் பெட்டிக்குள் அடக்குங்கள். மூடியின் விளிம்பு முழுவதும் உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும். பெயிண்ட் பூசிய விளிம்பு பயன்படாது.

எர்த் இரண்டு வகை வேலை செய்கிறது. இரண்டையும் குழப்பக் கூடாது. ஒன்று உயிர்காப்பு. பாறை மிகுந்த சரிவில் எர்த் குழியின் தடை எளிதில் குறையாது. மின் பணியாளரை வைத்து அளந்து பார்த்துவிடுங்கள். மற்றொன்று துடிப்பு திரும்பிச் செல்லும் வழி. ஒரு மீட்டர் சாதாரண ஒயருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோ ஹென்றி தூண்டல் உண்டு. 10 நானோ நொடியில் 50 ஆம்பியர் எழுந்தால் அந்த ஒரு மீட்டரின் இரு முனைகளுக்கும் இடையே 5,000 வோல்ட் நிற்கும். எர்த் என்று எழுதி ஒட்டிய முனையைத் தொட்டு அதிர்ச்சி வாங்குவது இப்படித்தான். பெட்டிக்குள் எல்லாவற்றையும் குட்டையான, அகலமான செப்புத் தகட்டால் ஒரே புள்ளியில் சேருங்கள்; அங்கிருந்து எர்த் குழிக்குத் தனி ஒயர் போகட்டும்.

பெட்டியின் கதவைத் திறந்தால் மின்வழங்கி தானே அணையும் சுவிட்ச் கட்டாயம். பிளாஸ்டிக் கைப்பிடி கொண்ட எர்த் கம்பி ஒன்று கதவுக்குப் பக்கத்திலேயே தொங்க வேண்டும். கெபாசிட்டர் சிறியதுதான்; அதற்கு மின்னூட்டம் தரும் மின்வழங்கியின் உள்ளே இருப்பது சிறியதல்ல. அணைத்த பிறகு எர்த் கம்பியால் தொட்டு, அந்தக் கம்பியை அங்கேயே மாட்டிவைத்துவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும்.

இடி இறங்கும் மாலைகளில் வேலையை மூட்டைகட்டுங்கள். 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே சென்ற இடிமேகம் ஒன்றின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று இங்குள்ள கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வகம் மியூவான்களை (காஸ்மிக் கதிரிலிருந்து பிறக்கும் துகள்களை) கொண்டு கணித்திருக்கிறது. நம் 25 கிலோவோல்ட் அதற்கு முன்னால் எம்மாத்திரம்?

படி 5: முதல் ஓட்டம்

வோல்டேஜ் கொடுப்பதற்கு முன் உலர்ந்த காற்றை அரை மணி நேரம் ஓட விடுங்கள்; குழாயின் உட்சுவரில் ஒட்டிய ஈரம் போகட்டும். பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டுச் சாளரம் வழியாகப் பாருங்கள். சரியாக இருந்தால் கம்பியிலிருந்து எல்லாப் பக்கமும் ஊதா நிற மயிரிழைகள் சுவரை நோக்கி நீண்டிருக்கும். தனித்தனியாகப் பிரித்தறிய முடியாத மங்கலான வட்டமாகவும் தெரியலாம். ஒலி சீரான இரைச்சலாக இருக்கும். இரைச்சலுக்கு நடுவே 'டப்' என்று ஒன்று கேட்டு, அதே கணத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தால் அது பொறி. எப்போதாவது ஒன்றென்றால் பொறுக்கலாம். தொடர்ந்து வந்தால் நிறுத்திவிட்டு, கம்பி நடுவில் இருக்கிறதா, அதில் பிசிறு ஏதும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகும் நிற்கவில்லை என்றால் கேப்பைக் கால் மில்லிமீட்டர் நெருக்குங்கள்.

குளிருக்குக் கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு வேலை செய்யும் பழக்கத்தை மட்டும் இங்கே விட்டுவிட வேண்டும். எட்டு மணி நேர வேலைக்கு ஓசோனின் அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 பிபிஎம் (பிபிஎம் என்றால் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு). 5 பிபிஎம் உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்திருக்கிறார்கள். நம் குழாயிலிருந்து வெளிவரும் காற்றில் பல நூறு பிபிஎம் இருக்கும். மூக்கு 0.05 பிபிஎம்மிலேயே மணத்தைக் கண்டுபிடித்துவிடும் என்பது உண்மை. சற்று நேரத்தில் பழகி உணர்விழந்துவிடும் என்பதும் உண்மை. சுவரில் ஓசோன் அளவி மாட்டாமல் ஓட்டாதீர்கள். தொண்டைக் கரகரப்பு, மார்பில் இறுக்கம், இருமல் வந்தால் உடனே வெளியேறுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த அறைக்கே வர வேண்டாம்.

படி 6: எவ்வளவு மின்சாரம் போகிறது

உயர் மின்னழுத்த புரோபும் மின்னோட்டச் சுருளும் வேண்டும். 100 மெகா ஹெர்ட்ஸ் ஆசிலாஸ்கோப் 3.5 நானோ நொடிக்குக் குறைவான எழுச்சியைக் காட்டாது. நம் வேலைக்கு அது போதும். வோல்டேஜையும் மின்னோட்டத்தையும் புள்ளிக்குப் புள்ளி பெருக்கிக் கூட்டினால் ஒரு துடிப்பின் ஆற்றல் வரும்.

இரண்டு இடங்களில் கவனம். கேபிள் ஒவ்வொரு மீட்டருக்கும் 5 நானோ நொடி தாமதம் சேர்க்கும். வோல்டேஜ் கேபிள் 2 மீட்டர், மின்னோட்டக் கேபிள் 1 மீட்டர் என்று விட்டால் பெருக்கலே தவறாகிவிடும். இரண்டாவது, குழாயே ஒரு கெபாசிட்டர்: இந்த அளவுகளில் 7 பிகோ ஃபாரட். 20 நானோ நொடியில் 25 கிலோவோல்ட் எழும்போது அதற்குள் மட்டும் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் ஓடும். அது மின்னிறக்கம் அல்ல. மின்னிறக்கம் தொடங்காத குறைந்த வோல்டேஜில் ஒரு பதிவு எடுத்து, அதே விகிதத்தில் கழித்துவிடுங்கள்.

9.4 வாட்டில் பாதிக்கும் குறைவாகவே வாயுவுக்குச் சேரும். மீதியை 500 ஓமும் கேப்பும் பங்குபோட்டுக்கொள்ளும். 4 வாட் சேர்ந்தது என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

படி 7: எவ்வளவு ஓசோன் வருகிறது

யூனிட்டுக்கு 40 கிராம் என்று கொண்டால் 4 வாட்டுக்கு மணிக்கு 0.16 கிராம். மணிக்கு 0.12 கன மீட்டர் காற்றில் அது கலந்தால் கன மீட்டருக்கு 1.3 கிராம். ஊட்டி அழுத்தத்தில் இது ஏறத்தாழ 860 பிபிஎம்.

சரிபார்க்கப் பழைய அயோடின் முறையே போதும். 2 விழுக்காடு பொட்டாசியம் அயோடைடு கரைசலைக் குமிழ்ப் புட்டிகள் இரண்டில் அடுத்தடுத்து வைத்து, வாயுவைச் சரியாக 5 நிமிடம் விடுங்கள். முதல் புட்டி பழுப்பேற வேண்டும், இரண்டாவது நிறமற்றே இருக்க வேண்டும். இரண்டாவதும் பழுத்தால் முதலாவது எல்லாவற்றையும் பிடிக்கவில்லை என்று பொருள். பிறகு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 0.1 நார்மல் சோடியம் தயோசல்ஃபேட்டைச் சொட்டுச்சொட்டாக விடுங்கள். வெளிர் மஞ்சளானதும் ஸ்டார்ச் கரைசல். நீலம் மறையும் இடம் முடிவுப் புள்ளி. ஒரு மில்லி லிட்டர் தயோசல்ஃபேட் 2.4 மில்லி கிராம் ஓசோனுக்குச் சமம். நம் கணக்கு சரியென்றால் 10 லிட்டர் வாயுவுக்கு ஐந்தரை மில்லி லிட்டர் செலவாகும். 8, 9 என்று வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். காற்றில் உண்டான நைட்ரஜன் ஆக்சைடும் அயோடினை விடுவிக்கும்; எண்ணைத் தூக்கிக் காட்டியது அதுவாகவும் இருக்கலாம்.

அந்தத் தொல்லை இல்லாதது புற ஊதா முறை. பாதரச விளக்கின் 253.7 நானோமீட்டர் ஒளியை ஓசோன் பேராசையோடு விழுங்கும். நம் 1.3 கிராம் செறிவில், ஒரு செ.மீ. அகலச் செல்லைக் கடக்கும் ஒளியில் 17 விழுக்காடு மறைந்துவிடும். செல் குவார்ட்ஸாக இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி அந்த ஒளியை உள்ளேயே விடாது. விளக்கை வெறுங்கண்ணால் பார்க்காதீர்கள்.

ஓசோன் புற ஊதாவை விழுங்கும் இந்தக் குணத்தை வைத்துத்தான் பிரிட்டிஷ் இயற்பியலாளர் டாப்சன் வளிமண்டல ஓசோனை அளந்தார். 1928-இல் அவர் ஐரோப்பாவுக்கு வெளியே அனுப்பிய நிறமாலைக் கருவிகளில் ஒன்று வந்து இறங்கியது கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில். மற்றவை கலிஃபோர்னியா, எகிப்து, நியூசிலாந்துக்குப் போயின. பழனி மலைக்கு ஓசோன் அளப்பது புதிதல்ல.

படி 8: தண்ணீருக்குள் விடுதலும் மிச்சத்தை அழித்தலும்

நீலகிரியின் கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் இடங்களைப் பார்த்தவர்களுக்கு, இந்தத் தண்ணீருக்கு ஓசோன் கொடுத்தால் என்ன என்று தோன்றும். கொடுக்கலாம், ஆனால் கடைசி அலசலுக்கு மட்டும். செம்மண் கலங்கிய நீரில் விட்ட ஓசோனை முதலில் தின்பது மண்ணில் இருக்கும் கரிமப் பொருள்தான். கிருமிக்கு மிச்சம் இராது. மண் போகக் கழுவிய கேரட்டைத் தெளிந்த நீரில் போடும்போதுதான் ஓசோனுக்கு வேலை.

நம் கருவி 20 லிட்டர் தொட்டிக்குச் சரியாக இருக்கும். பீங்கான் குமிழ்க்கல் வழியாக விட்டு, பாதி கரைந்தது என்று கொண்டால், 10 நிமிடத்தில் லிட்டருக்கு 0.6 மில்லி கிராமை ஒட்டி வரும். வழியில் சிதைவதைக் கழித்தால் 0.4 நிற்கலாம். குடிநீர்ச் சுத்திகரிப்பில் வெகுகாலமாகப் பின்பற்றப்படும் அளவு லிட்டருக்கு 0.4 மில்லி கிராம், 4 நிமிடம். மலையின் குளிர்நீர் ஓசோனைக் கூடுதலாகக் கரைத்துக்கொள்ளும், கூடுதல் நேரம் வைத்திருக்கவும் செய்யும். கிருமி சாவதும் குளிரில் மெதுவாகும் என்பதால் நேரத்தைச் சற்று நீட்டுவதே சரி. காற்றில் செய்த ஓசோனோடு நைட்ரிக் அமிலமும் கொஞ்சம் போய்ச் சேரும். தினமும் பயன்படுத்துவதாக இருந்தால் அப்போதுதான் ஆக்சிஜன் செறிவூட்டிக்குப் போக வேண்டும்.

கரையாமல் மேலே வரும் ஓசோனை மூடியிட்டுப் பிடித்து, மாங்கனீசு டை ஆக்சைடு நிரப்பிய குழாய் வழியாக வெளியே விடுங்கள். நடுவில் நீர்த்துளி பிடிக்கும் புட்டி ஒன்று வேண்டும். நனைந்த வினையூக்கி வேலை செய்யாது. மரக்கரி மலிவு என்று அதைப் போடுகிறவர்கள் உண்டு. செறிந்த ஆக்சிஜனில் செய்த ஓசோன் அதைப் பற்றவைக்கக் கூடும் என்பதால் ஆக்சிஜன் ஓட்டத்தில் கரி கூடவே கூடாது.

நிறுத்தும் வரிசை: முதலில் மின்வழங்கி, பிறகு எர்த் கம்பி. காற்றை மேலும் 10 நிமிடம் ஓடவிட்டு, குழாய்க்குள் மிஞ்சிய ஓசோன் வினையூக்கி வழியாக வெளியேறிய பிறகு பம்பை அணையுங்கள். உடனே உலர்த்திக் குழாய்கள் இரண்டின் வாயையும், ஓசோன் குழாயின் வாயையும் மூடுங்கள். வாரம் ஒருமுறை மூடியைக் கழற்றிக் கம்பியைப் பாருங்கள். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் கையுறையோடு ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த காற்றை ஓடவிட்டுக் காயவைத்த பிறகே மறுபடி மின்சாரம் கொடுங்கள். பொடி ஒவ்வொரு வாரமும் வருகிறது என்றால் சீவை அடுப்பில் வைக்கும் நேரம் வந்துவிட்டது.